எங்கள் தெருவைத் தோண்டப் போகிறார்கள்: கூட்டத்தில் என்ன கேட்பது?

லேஸ்கடை அக்கா எழுதியது:

பெங்களூர் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் இருந்து உள்ளே பிரிகிற ஒரு கிளைத் தெருவில் லேஸ், பட்டன், ஃபால்ஸ், லைனிங் துணி விற்கிற கடை எங்களுடையது. திருவண்ணாமலைப் பக்கத்தில் இருந்து வந்த தாத்தா ஆரம்பித்தது. பத்தடிக்குப் பதினெட்டடி. தெருப் பெயரைச் சொன்னால் கடை எது என்று இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் வேண்டாம்.

போன வாரம் இரண்டு பேர் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள். தெரு முழுக்கக் கல் பதித்து, இரண்டு பக்கமும் நடைபாதையை அகலமாக்கி, நடுவில் வண்டிக்கு ஒரே ஒரு தடம் விடுவார்களாம். வருகிற சனிக்கிழமை கடைக்காரர்களைக் கூப்பிட்டு வரைபடம் காட்டப் போகிறார்கள். அரை மணி நேரம். எங்கள் தெருவில் நாற்பது கடை. அதில் முப்பத்தைந்து பேர் பார்க்கிங்கைப் பற்றியே பேசி முடித்துவிடுவார்கள். எனக்கு வாய் திறக்க ஒரு தடவை கிடைத்தால் பெரிது.

நான் இந்த வேலைக்கு எதிரி இல்லை. என் வாடிக்கையாளர் யாரும் கார் வைத்துக்கொண்டு வருவதில்லை. பிளவுஸ் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு, அதே நிறத்தில் லேஸ் தேடி, கடை கடையாக நடந்து வருகிற பெண்கள்தான். நடக்க இடம் கிடைத்தால் எனக்கு லாபம். ஆனால் 2020ஐ நினைத்தால் வயிறு கலங்குகிறது. லாக்டவுன் முடிந்து ஷட்டரைத் தூக்கினோம், மெயின் தெருவில் தோண்ட ஆரம்பித்தார்கள். பள்ளத்தின் மேல் பலகை போட்டு, அதில் ஒரு கையால் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்தான் அந்த வருட வியாபாரம். 2021இல் புதுக் கல் போட்டார்கள். கொஞ்ச நாளிலேயே அது ஆட ஆரம்பித்து, பெயர்த்து மறுபடியும் போட வேண்டி வந்தது.

இன்னொரு விஷயம். எங்கள் கடை வாசலில் தாத்தா போட்ட மூன்று கருங்கல் படி. ஒவ்வொன்றும் ஆறு அங்குலம். சின்ன வயதில் ஸ்கூல் விட்டு வந்து மேல் படியில் உட்கார்ந்தால் எனக்குக் கால் ரோட்டில் எட்டாது. இன்று தெரிவது ஒரே ஒரு படி, அதுவும் பாதிதான். நேற்று கடை இஞ்ச் டேப்பை வைத்து அளந்தேன், சரியாக மூன்று அங்குலம். தார் மேல் தார் போட்டுப் போட்டு ரோடு மேலே வந்துவிட்டது. 2022 மழையில் கீழ்த்தட்டில் இருந்த லைனிங் கட்டு இரண்டு நனைந்து போனது இதனால்தான்.

கவுன்சிலரிடம் போய் நிற்கலாம் என்றால், 2020 செப்டம்பரில் பழைய மாமன்றத்தின் காலம் முடிந்ததோடு அந்த வழி அடைந்துவிட்டது. 2025 செப்டம்பரில் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்து எங்களை மத்திய மாநகராட்சியில் சேர்த்தார்கள். எந்த மேசைக்குப் போவது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு மாடியைக் காட்டுகிறார்கள்.

தெரு வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒரே ஒரு கேள்வி கேட்க முடியும் என்றால் எதைக் கேட்கட்டும்? கிரானைட் கேட்கட்டுமா, சிமென்ட் கல்லா?

—

ஜல்லி மேஸ்திரி எழுதியது:

அக்கா, கல்லைப் பற்றிக் கேட்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். சாம்பிள் கல் நான்கைக் கொண்டு வந்து மேசையில் வைப்பார்கள், எந்த நிறம் பிடித்திருக்கிறது என்பார்கள், டீ வரும், அரை மணி முடிந்துவிடும். நான் தர்மபுரிக்காரன். இந்த ஊரில் ரோடு வேலையில் சூப்பர்வைசராக இருபது வருடத்துக்கு மேல். அந்த டீயை நானே எத்தனையோ தடவை ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் கேள்வி உங்கள் படியிலேயே இருக்கிறது. "வேலை முடிந்த பிறகு ரோட்டு மட்டம் என் வாசலுக்கு எத்தனை மில்லிமீட்டர் கீழே இருக்கும்?" இதை மட்டும் கேளுங்கள். வரைபடத்தில் குறுக்கு வெட்டு என்று, தெருவைக் குறுக்கே வெட்டிப் பக்கவாட்டில் பார்க்கிற மாதிரி ஒரு படம் இருக்கும். அதில் இப்போதைய மட்டம், வரப்போகிற மட்டம் இரண்டும் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் அது வரைபடம் இல்லை, கல்யாணப் பத்திரிகை.

ஏன் இதைப் பிடிக்கச் சொல்கிறேன் என்றால், மட்டத்தைக் கீழே இறக்க வேண்டும் என்று ஒருவன் முடிவெடுத்தால் மற்றதெல்லாம் தானாகச் சரியாக நடக்கும். வண்டி போகிற இடத்தில் சிமென்ட் கல் என்றால் 80 மில்லிமீட்டர் கனம் வேண்டும். 60 போடுவது லேசான போக்குவரத்துக்கு, உங்கள் தெருவில் காலையில் சரக்கு ஆட்டோவும் டெம்போவும் வரும். கல்லுக்கு அடியில் ஒரு 40 மணல். அதற்கும் அடியில் வெட்மிக்ஸ் என்கிற, தண்ணீர் சேர்த்துக் கலந்த ஜல்லி, கிராவல் எல்லாம் சேர்த்தால் ஒன்றரை அடிக்கு மேல் தோண்டியே ஆக வேண்டும். தோண்ட மனமில்லாதவன் என்ன செய்வான்? பழைய தார் மேலேயே மணலைக் கொட்டிக் கல்லை அடுக்கிவிடுவான். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். முதல் மழையில் தண்ணீர் கீழே இறங்கப் பார்க்கும், தார் விடாது, மணல் கரைந்து ஓரமாக வெளியே வரும். அப்புறம் கல் ஆடும். கல் ஆடுகிறது என்று நாம் கல்லைத் திட்டுவோம். கல் என்ன செய்யும் பாவம்.

ஓரமும் முக்கியம். கல் தெருவை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்க கான்கிரீட்டில் புதைத்த கெர்ப், அதாவது ஓரக்கல், வேண்டும். அது இல்லாமல் நடுவில் எவ்வளவு அழகாக அடுக்கினாலும் வண்டி திரும்புகிற இடத்தில் விரிந்துவிடும். செங்கல் சுவர் மாதிரி வரிசையாக அடுக்காமல் மீன்முள் மாதிரி அடுக்கினால் இழுப்பைத் தாங்கும். இதெல்லாம் நீங்கள் கேட்க வேண்டாம், போடும்போது கண்ணில் வைத்துக்கொண்டால் போதும்.

சர்ச் ஸ்ட்ரீட் 2018 மார்ச்சில் திறந்தபோது நானும் வீட்டுக்காரியோடு போய்ப் பார்த்தேன். அழகுதான். ஆனால் பிறகு எத்தனை இடத்தில் கல் பெயர்ந்து ஒட்டுப் போட்டார்கள் என்று அந்தப் பக்கம் போகிறவர்களைக் கேளுங்கள். கல்லில் பள்ளம் விழுந்தால் அதே கல்லை எடுத்து, அடியைச் சரிசெய்து, திரும்ப வைக்க வேண்டும். இங்கே அந்த ஓட்டையில் கான்கிரீட்டையோ தாரையோ ஊற்றிவிட்டுப் போவார்கள். கல் தெரு என்றால் கல் வைக்கத் தெரிந்த ஆள் வருடம் பூராவும் வேண்டும், கூடவே மாற்றுக் கல் ஒரு குவியல் கிடங்கில் இருக்க வேண்டும்.

பூமிக்கு அடியில் என்ன என்பது அடுத்தது. டெண்டர் ஷூர் என்ற ரோடு சீரமைப்புத் திட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கன்னிங்ஹாம் ரோடு, ரெசிடென்சி ரோடு, செயின்ட் மார்க்ஸ் ரோடு, விட்டல் மல்லையா ரோடு இதெல்லாம் முதல் தொகுப்பு. குடிதண்ணீர், சாக்கடை, மழைநீர், மின்சாரம், ஃபைபர் கேபிள் எல்லாவற்றுக்கும் நடைபாதைக்கு அடியில் தனித்தனி வழி, இடையிடையே சேம்பர். நாளைக்கு ஒருவனுக்குக் கேபிள் இழுக்க வேண்டுமென்றால் சேம்பர் மூடியைத் திறந்து இழுத்துக்கொள்ளலாம், ரோட்டை வெட்ட வேண்டாம். செலவு ஜாஸ்தி என்று அப்போது பெரிய சண்டை நடந்தது. நியாயமான சண்டைதான். ஆனால் அந்த யோசனையில் தப்பில்லை. உங்கள் தெருவில் காலி பைப் நான்காவது புதைக்கச் சொல்லுங்கள், கல் விலையில் அது ஒன்றுமில்லை.

ஒரு பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தெருவில் பள்ளத்தை மூடுவதற்கு முன் போட்டோ எடு என்று என்ஜினியர் சொன்னார். சாயங்காலம், மழை வருகிற மாதிரி இருந்தது, நான் எடுக்காமலே மூடிவிட்டேன். மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் என் ஜே.சி.பி.யே தண்ணீர்க் குழாயை உடைத்தது. ஒரு நாள் முழுக்க அந்தத் தெருவுக்குத் தண்ணீர் இல்லை. ஆகவே நீங்கள் போன் வைத்திருக்கிறீர்கள் அல்லவா, மூடுவதற்கு முன் எல்லாவற்றையும் எடுங்கள், பக்கத்தில் உங்கள் இஞ்ச் டேப்பை வைத்து எடுங்கள்.

—

நானும் தண்டுக்காரன் எழுதியது:

மட்டம், மீன்முள் எல்லாம் சரி. சரக்கு எங்கே இறக்குவது? எனக்குப் பக்கத்துத் தெருவில் பாத்திரக் கடை. என் வாடிக்கையாளர் குக்கரைத் தலையில் வைத்துக்கொண்டு எம்.ஜி. ரோடு மெட்ரோ வரை நடப்பாரா? நடைபாதையை அகலமாக்கினால் முதலில் ஏறுவது டூவீலர்தான். காலையில் பத்து மணிக்கு வந்து பாருங்கள், நடக்க இடம் இருக்கிறதா, ஆக்டிவா நிற்கிறதா என்று.

—

பூக்கடை வீட்டுப் பையன் எழுதியது:

பாத்திரக் கடை அண்ணன் சொல்வதில் பாதி நியாயம். காலை எட்டு முதல் பத்து வரை சரக்கு வண்டி என்று நேரம் குறித்துவிட்டால் முடிந்தது.

நான் வேறு ஒன்று கேட்க வந்தேன். அக்கா, உங்கள் தெருவில் நாற்பது கடை என்று எழுதினீர்கள். தள்ளுவண்டி எத்தனை? எங்கள் அம்மா ரஸ்ஸல் மார்க்கெட் பக்கத்தில் பூ விற்கிறார், நான் பிறப்பதற்கு முன்னால் இருந்து. தெருவை அழகுபடுத்துகிறோம் என்று யார் கூட்டம் போட்டாலும் அதற்குக் கூப்பிடுவது ஷட்டர் வைத்த கடைக்காரர்களைத்தான். வேலை ஆரம்பிக்கிற அன்றைக்கு எங்களை "கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போ" என்பார்கள். வேலை முடிந்து திரும்பினால் நாங்கள் நின்ற இடத்தில் கல் பெஞ்ச் இருக்கும், பூச்செடி இருக்கும்.

2014ஆம் வருடத் தெரு வியாபாரிகள் சட்டத்தை அம்மாவுக்காக உட்கார்ந்து படித்தேன். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் கிளப்பக் கூடாது. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் நோட்டீஸ். நகர வியாபாரக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் ஒரே இடத்தில் நடக்கிற சந்தையைப் பாரம்பரியச் சந்தை என்று அறிவித்து, அங்கே இருப்பவர்களை இடம் மாற்றக் கூடாது என்றுகூட இருக்கிறது. அம்மாவிடம் சான்றிதழ் இருக்கிறது. லேமினேஷன் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். எடுத்துக்கொண்டு போ என்றால் "மழையில நனைஞ்சிடும்டா" என்கிறார்.

உங்கள் தெருவில் ஹேர்பின் விற்கிற ஒரு ஆயாவாவது இருப்பார். சனிக்கிழமை கூட்டத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வரைபடத்தில் தள்ளுவண்டி நிற்க இடம் கோடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பேப்பரில் இல்லாதது ரோட்டில் வராது.

—

அல்சூர் தாத்தா எழுதியது:

எனக்கு எழுபத்து மூன்று. இரண்டு முழங்காலும் மாற்றியாகிவிட்டது. தமிழ்ச் சங்கத்தில் இருந்து ஏரிக்கரை வழியாக வள்ளுவர் சிலை வரை தினமும் நடக்க டாக்டர் சொன்னார். நடக்கிறேன், ரோட்டில். நடைபாதையில் ஏறினால் இருபதடிக்கு ஒரு தடவை ஏதாவது வீட்டு கேட்டுக்காக இறங்கி ஏற வேண்டும். புது முட்டிக்கு டாக்டர் கேரண்டி கொடுத்திருக்கிறார், அதை நான் இதில் செலவழிக்க விரும்பவில்லை.

நடைபாதை உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, தடங்கல் இல்லாமல் நடக்க 1.8 மீட்டராவது அகலம் வேண்டும் என்று ரோட்டு வேலைக்கு அளவுகள் வகுக்கிற இந்தியச் சாலை காங்கிரஸ் என்ற அமைப்பின் 2012 வழிகாட்டி சொல்கிறது. தடங்கல் இல்லாமல் என்பதுதான் சொல். மூன்று மீட்டர் நடைபாதை போட்டு நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியும் மரமும் விளம்பரக் கம்பமும் வைத்தால் அது மூன்று மீட்டர் இல்லை. டூவீலர் ஏறாமல் இருக்கக் கம்பம் நடுகிறார்கள், அதை நெருக்கி நட்டால் சக்கர நாற்காலியும் போகாது. 90 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அதில் ஆக்டிவாவும் நுழையும் என்பீர்கள். நுழையும். அதற்குப் போலீஸ்தான் வழி, கம்பம் இல்லை.

எம்.ஜி. ரோட்டை எங்கள் அப்பா கடைசி வரை சவுத் பரேடு என்றுதான் சொன்னார். ஒரு பக்கம் முழுக்க மரம், பூங்கொடி, கல் பாதை. மெட்ரோவுக்காக அது போயிற்று. 2011இல் ரயில் ஓட ஆரம்பித்தது, 2013இல் கீழே புதிதாக ரங்கோலி என்ற கலை மையம் வந்தது. மெட்ரோவில் ஏறி உட்கார்ந்து போகும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இறங்கும்போதுதான் பழையது ஞாபகம் வருகிறது. காமராஜ் ரோடு 2019இல் சுரங்க வேலைக்காக மூடினார்கள், ஒரு பக்கம் திறக்கவே 2024 ஆயிற்று. ஆகவே அம்மா, எப்போது முடியும் என்று அவர்கள் சொல்லும் தேதியைத் தீபாவளிக்குத் துணி எடுக்க நம்பிவிடாதே. பண்டிகைக்கு இரண்டு மாதம் முன்னால் எந்தப் புதுப் பள்ளமும் தோண்டக் கூடாது என்று எழுதி வாங்கு. செப்டம்பர் 8 மாதா திருநாளும் உண்டு. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தில் இருந்து சிவாஜி நகர் பூராவும் காவிப் புடவை கட்டிய கூட்டம் நடந்தே வரும். அதில் கைக்குழந்தைகள் எத்தனை, என்னை மாதிரி கிழங்கள் எத்தனை.

—

லேஸ்கடை அக்கா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கூட்டம் முடிந்து பதினோரு நாள் ஆகிவிட்டது, தாமதத்துக்கு மன்னிக்கவும். கல்யாண சீசன்.

மேஸ்திரி அண்ணன் சொன்ன மாதிரியே நான்கு கல் மேசையில் இருந்தது. டீயும் வந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பார்க்கிங் பேச்சு இருபது நிமிடம் ஓடியது. பிறகு நான் எழுந்து, கன்னடத்திலேயே, மட்டத்தைக் கேட்டேன். இளம் என்ஜினியர் ஒருவர், என் தம்பி வயது, வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் கண்டுபிடித்தார். இப்போதைய மட்டத்துக்கு 80 மில்லிமீட்டர் மேலே. அதாவது கல்லின் கனம் அப்படியே தார் மேல்.

என் வாசலில் மிச்சம் இருப்பது மூன்று அங்குலம், 76 மில்லிமீட்டர். பையில் இஞ்ச் டேப் இருந்தது, எடுத்து மேசையிலேயே காட்டினேன். ரோடு என் கடைக்கு நான்கு மில்லிமீட்டர் மேலே வரும் என்றேன். பார்க்கிங் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அப்போதுதான் தங்கள் வாசலை நினைத்தார்கள். எங்கள் வரிசையில் பதினேழு கடைக்கு இதே கதி. அதற்குப் பிறகு பார்க்கிங்கை யாரும் எடுக்கவில்லை. அரை மணி கூட்டம் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

கிடைத்தது: இப்போதைய மட்டத்தில் இருந்து 100 மில்லிமீட்டர் கீழே இறக்குகிறோம் என்று கூட்டக் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். நகல் வாங்கிவிட்டேன். நான்கு காலி பைப்புக்கு "பார்க்கிறோம்". ஹேர்பின் ஆயாவைக் கூட்டிப் போனேன். வரைபடத்தில் அவருக்கு இடம் இல்லை. மூன்று வண்டிக்கு இடம் விடுவதாகப் பென்சிலில் வட்டம் போட்டார்கள். பேனாவில் போடச் சொன்னேன், இன்னும் போடவில்லை. பண்டிகைக்கு முன் தோண்டக் கூடாது என்பதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

—

ஜல்லி மேஸ்திரி எழுதியது:

100 கீழே என்றால் நல்லது, ஆனால் ஒரு ஆபத்து இருக்கிறது. மெயின் தெரு மட்டம் இறங்காது. அது மேலே, நீங்கள் கீழே என்றால் அங்கே விழுகிற மழையும் உங்கள் தெருவுக்குள் வரும். தெரு ஆரம்பிக்கிற இடத்தில் குறுக்கே ஒரு மோரி, அதாவது வடிகால், வெட்டி, மேலே இரும்பு ஜாலி போட்டு, மழைநீர்க் கால்வாயோடு சேர்க்கச் சொல்லுங்கள். அந்த ஜாலியைக் கழற்றி மண் அள்ளுகிற மாதிரி இருக்க வேண்டும், வெல்டிங் அடித்துவிட்டால் இரண்டே மழையில் அடைந்துவிடும். மேன்ஹோல் மூடிகளையும் அதே அளவு இறக்க வேண்டும், இல்லையென்றால் தெரு நடுவில் அடை அடையாக நிற்கும்.

—

லேஸ்கடை அக்கா எழுதியது:

அண்ணா, இரும்பு ஜாலியை எழுதிக் கொடுத்துவிட்டேன். ரசீது வாங்கினேன்.

இன்று காலை சோதனைப் பள்ளம் வெட்டினார்கள், குழாய் எங்கே போகிறது என்று பார்க்க. நம் அதிர்ஷ்டம், என் கடை வாசலை ஒட்டியே. மூன்றடி ஆழம். தார் அடுக்கு அடுக்காகத் தெரிந்தது, பேஸ்ட்ரி கேக் மாதிரி. ஐந்து வரை எண்ணினேன். டேப் வைத்து போட்டோ எடுத்தாயிற்று, நாளை போடுகிறேன். தண்ணீர்க் குழாய் வரைபடத்தில் காட்டிய இடத்தில் இல்லை, இரண்டடி தள்ளி இருந்தது. அதையும் அந்தத் தம்பி குறித்துக்கொண்டார்.

பள்ளத்தின் ஓரத்தில் எங்கள் இரண்டாவது படியும் மூன்றாவது படியும் அப்படியே இருந்தன. உளி அடித்த கோடு கூட அழியவில்லை. அம்மாவுக்குப் போன் செய்தேன். ஆட்டோ பிடித்து வந்து, பள்ளத்து விளிம்பில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் உள்ளே போய்த் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார். "நாளைக்கு மூடிடுவாங்கம்மா" என்றேன். "மூடட்டும்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து பெருக்க ஆரம்பித்தார்.